நாலு முனையும் ஒன்றாய் இறங்க வேண்டும்

வேத பகுதி: மாற்கு 2:1–12, 1 கொரிந்தியர் 12:12–27

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களுக்கும் காணிக்கையாளர்களுக்கும்,

காணிக்கை அனுப்பும் அன்பர்கள் பலர் அதோடு ஒரு கேள்வியும் கேட்பதுண்டு. "ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" என்பதே அது. நல்ல மனதிலிருந்து வரும் கேள்வி. ஊஞ்சல், பெரிய பந்து, படப்புத்தகம், விளையாட்டுச் சாமான் என்று பட்டியல் சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு எங்கும் குறைவாய்க் கிடைப்பது சாமான் அல்ல. அவர்களுக்காக உழைக்கிற பலவகைப் பணியாளர்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற நேரமே மிகக் குறைவாய்க் கிடைக்கிறது. அந்த நேரம் ஏன் தேவை, அது இல்லாவிட்டால் பாரத்தைச் சுமப்பவர் யார், சபையாராகிய நமக்கு அதில் என்ன பங்கு என்பவற்றை இந்தப் பாடத்தில் ஆராய்வோம்.

1. கப்பர்நகூமில் நடந்த கூட்டுவேலை

திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்து வந்த சம்பவம் நமக்கு ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே தெரியும். வீட்டில் ஜனநெருக்கம். வாசல் வழியாய் உள்ளே போக முடியவில்லை. அவர்கள் கூரையின்மேல் ஏறி, அதைத் திறந்து, படுக்கையோடு அவனை ஆண்டவருக்கு முன்பாக இறக்கினார்கள். அவர்களுடைய விசுவாசத்தை ஆண்டவர் கண்டார் என்று சுவிசேஷகன் எழுதுகிறான். இந்த விசுவாசத்தைப் பற்றி அநேக பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். இன்று அவர்கள் செய்த வேலையைக் கவனிப்போம்.

படுக்கைக்கு நாலு முனை. நாலு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருப்பார்கள் என்று எண்ணுவோம். அவர்களில் ஒருவன் அவசரப்பட்டுத் தன் முனையை முதலில் இறக்கினால் என்ன நடக்கும்? படுத்திருப்பவன் சரிந்து கீழே விழுவான். இன்னொருவன் தன் முனையைப் பிடித்துக்கொண்டே நின்றால், மற்ற மூவரின் பிரயாசமும் வீண். நால்வரில் யார் பலசாலி என்பதல்ல அங்கே கேள்வி. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒரே வேகத்தில் இறக்கினார்களா என்பதே கேள்வி. கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுல் அப்போஸ்தலனும் இதையே சரீரத்தின் அவயவங்களை வைத்து விளக்குகிறார். ஒரு அவயவம் இன்னொன்றைப் பார்த்து "நீ எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை சரீரத்தில் இல்லை.

ஒன்றை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். ஆட்டிசத்தைத் திமிர்வாதத்தோடு நான் ஒப்பிடவில்லை. ஆட்டிசம் சுகமாக்கி அனுப்பப்பட வேண்டிய வியாதி அல்ல. அது ஒரு பிள்ளையின் மூளை வளர்ந்திருக்கும் விதம். அதோடு அப்பிள்ளை வாழ்நாளெல்லாம் வாழும். சுமப்பவர்கள் எப்படிச் சுமந்தார்கள் என்பதை மட்டுமே இந்த வேத பகுதியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

2. ஆட்டிசம் என்பது என்ன?

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைக் குறித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பிறரோடு பழகுவதிலும் பேச்சைப் பயன்படுத்துவதிலும் அவர்கள் வேறுபட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே ஒழுங்கில் நடக்க வேண்டும் என்ற பிடிவாதமும் அவர்களிடம் இருந்தது. இன்று ஏறத்தாழ நூறு பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பத்துப் பேர் இருக்கலாம். நம் சபைகளின் ஞாயிறு பள்ளிகளிலும் அவர்கள் உண்டு.

சிலர் பேசுவதேயில்லை. சிலர் நிறையப் பேசினாலும் எதிரில் இருப்பவரின் மனநிலையை அறியத் திணறுவார்கள். சத்தம், வெளிச்சம், துணியின் உராய்வு, சாப்பாட்டின் மணம் ஆகியவை சிலருக்குத் தாங்க முடியாதவை. இவ்விதமாய் ஒருவருக்கொருவர் வேறுபடுவதால், ஒரே மருந்து, ஒரே பயிற்சி என்று எல்லாருக்கும் பொதுவாய் எழுதிக் கொடுக்க முடியாது.

இதற்குக் காரணம் தாயின் அன்பில்லாமையே என்று ஒரு காலத்தில் படித்தவர்களே சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பனான பெர்னார்டு ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964ஆம் ஆண்டில் எழுதிய நூலில் அக்கொள்கையை மறுத்தார். அன்னிய தேசத்தாரைக் குறைசொல்ல நமக்கு இடமில்லை. "முன்னோர் செய்த பாவம்", "கர்ப்பத்தில் பட்ட தோஷம்" என்று நம் ஊர்களில் இன்னும் சொல்கிறார்கள். சபைக்குள்ளும் சிலர் சொல்கிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது ஆண்டவர் கொடுத்த பதிலை யோவான் 9ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

3. யார் எந்த முனையைப் பிடிக்கிறார்கள்?

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் வாழ்வில் பல பணியாளர்கள் வருகிறார்கள். அவர்கள் பெயர்கள் நம்மில் பலருக்குக் குழப்பமாய் இருப்பதால் சுருக்கமாய்ச் சொல்கிறேன்.

குழந்தை மருத்துவர் பிள்ளையின் வளர்ச்சியைக் கவனிப்பவர். வலிப்பு, தூக்கமின்மை, மலச்சிக்கல், காது மற்றும் பல் உபாதைகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுப்பவரும் அவரே. பேச்சுப் பயிற்சியாளர், பிள்ளை தன் தேவையைத் தெரிவிக்க வழி தேடுகிறார். அது வாய்ப்பேச்சாக இருக்கலாம், சைகையாக இருக்கலாம், படஅட்டையாகவும் இருக்கலாம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பவர் சாப்பிடுதல், உடுத்துதல், எழுதுதல் போன்ற அன்றாடக் காரியங்களுக்குக் கைகால்களைப் பழக்குகிறார். சத்தமும் தொடுதலும் பிள்ளைக்கு எப்படிப் படுகின்றன என்றும் பார்க்கிறார். சிறப்பாசிரியர் கல்வி கற்பிக்கிறார். மனநல மருத்துவரும் உளவியலாளரும் பிள்ளையின் மனதையும் பெற்றோரின் மனதையும் கவனிக்கிறார்கள்.

இவர்களுக்கு நடுவே புதிதாய் வந்திருப்பவர் நடத்தைப் பகுப்பாய்வாளர். ஒரு செயலுக்கு முன்னால் என்ன நடந்தது, செயல் என்ன, அதற்குப் பின்னால் என்ன கிடைத்தது என்று மூன்றையும் அவர் நாள்தோறும் குறித்து வைப்பார். பிள்ளை தரையில் தலையை மோதுகிறது என்றால், "கெட்ட பழக்கம்" என்று அவர் எழுதுவதில்லை. அதன்மூலம் பிள்ளை எதைக் கேட்கிறது என்று தேடுவார். யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும் என்றா? ஏதாவது ஒரு பொருள் வேண்டும் என்றா? பிடிக்காத இடத்திலிருந்து தப்ப வேண்டும் என்றா? அல்லது அந்த அசைவே உடலுக்கு இதமாய் இருக்கிறதா? காரணம் தெரிந்தால், அதே தேவையைக் காயமின்றித் தெரிவிக்க வேறொரு வழியைப் படிப்படியாய்ப் பழக்கலாம். சிறு சிறு படியாய்ப் பிரித்துக் கற்பிப்பதும், கற்றதை உடனே பாராட்டி உறுதிப்படுத்துவதும் அவருடைய முறை.

இது பிரயோஜனமான முறையே. ஆனால் படுக்கையின் ஒரு முனைதான். தனியாய் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன்.

4. தறிவீட்டுப் பிள்ளை: ஓர் உதாரணம்

இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல. பாடத்துக்காக அமைத்த உதாரணம். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒரு குடும்பம். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். அவர்களுடைய ஆறு வயதுப் பையன் பேசுவதில்லை. சாயங்காலமானால் தன் கையைக் கடித்துக்கொள்கிறான்; உள்ளங்கையால் காதுப்பக்கம் அடித்துக்கொள்கிறான். தாய் பதறிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு தோப்புப் பக்கம் போவாள். கொஞ்ச நேரத்தில் அமைதியாகிவிடுவான்.

நடத்தைப் பகுப்பாய்வாளர் தாயின் குறிப்பைப் பார்க்கிறார். கடித்தால் வெளியே போகலாம் என்று பையன் கற்றுக்கொண்டுவிட்டான் என்று அறிகிறார். அவர் சொல்லுவது: "கடித்தவுடனே வெளியே கூட்டிப் போகாதீர்கள்." அதே வாரத்தில் பேச்சுப் பயிற்சியாளர் தோப்புப் படம் ஒட்டிய ஓர் அட்டையைக் கொடுத்து, "இதை அவன் எடுத்துக் கொடுத்தால், எந்த நேரமானாலும் உடனே வெளியே கூட்டிப் போங்கள்" என்று சொல்லுகிறார். ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ, சாயங்காலத்தில் வீட்டுக்குள் அரைமணி நேரம் ஊஞ்சலாட்டச் சொல்லுகிறார். மருத்துவர் மூன்று மாதம் கழித்து வரச் சொல்லுகிறார். நான்கும் நல்ல ஆலோசனைகளே. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குப் பையன் கடித்துக்கொண்டே அட்டையையும் நீட்டினால், அந்தத் தாய் என்ன செய்வாள்?

"அந்த மேடம் வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க, இந்த சார் போகவே கூடாதுங்கறாருங்க. நான் யார் பேச்சத்தானுங்க கேக்கறது, அய்யா?" என்று அவள் கேட்டால் நாம் என்ன பதில் சொல்லுவோம்? பணியாளர்கள் ஒருவரோடொருவர் பேசாதபோது, அவர்களுக்கிடையே உள்ள இடைவெளியைச் சுமப்பது தாய்தான். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லும் தூதாளாகவும், எது சரி என்று தீர்க்கும் நீதிபதியாகவும் அவள் ஆக்கப்படுகிறாள். பலன் கிடைக்காவிட்டால், "நீங்கள் வீட்டில் சரியாய்ச் செய்யவில்லை" என்ற குற்றச்சாட்டும் அவள் தலையில்தான் விழுகிறது.

இப்போது அதே நால்வரும் அந்தத் தாயோடு ஒரு மணி நேரம் உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாயின் நோட்டுப்புத்தகம் மேஜையின் நடுவில் இருக்கிறது. எல்லா நாளும் கடித்திருக்கிறான். ஒரு நாள் மட்டும் இல்லை. அது என்ன நாள் என்று ஒருவர் கேட்கிறார். "அன்னிக்குக் கரண்ட் இல்லீங்க. மாசாமாசம் லைன் வேலைக்கு நிறுத்துவாங்களே, அது ராத்திரி வரைக்கும் வரலீங்க" என்கிறாள் தாய். தறி ஓடவில்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நிமிர்ந்து உட்காருகிறார்: அவன் தப்பிக்கப் பார்ப்பது சத்தத்திலிருந்து. பகலில் பள்ளியில் இருக்கிறான். சாயங்காலம் வீடு திரும்பியதும் தறிச்சத்தம் அவனைத் தாக்குகிறது. ஆனால் காதுப்பக்கம் அடித்துக்கொள்கிறானே, காதிலோ பல்லிலோ வலி இருக்குமா என்று மருத்துவர் அன்றைக்கே பரிசோதிக்கிறார். மூன்று மாதம் காத்திருப்பதில்லை. பிறகு எல்லாருமாய் ஒரே தீர்மானத்துக்கு வருகிறார்கள். அவன் படுக்கையைத் தறிக்கூடத்துக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுவது. காதை மூடும் கவசம் ஒன்றைப் பழக்குவது. கடிக்கத் தொடங்குமுன்பே அட்டையை அவன் கையில் வைத்து, அவன் அதை நீட்டியவுடன் தோப்புக்குக் கூட்டிப் போவது. இனி அவன் வெளியே போவது கடித்ததற்காக அல்ல, கேட்டதற்காக. நடத்தைப் பகுப்பாய்வாளர் நாள்தோறும் எண்ணிப் பார்த்து, கடிப்பது குறைகிறதா என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுவார். குறையாவிட்டால் திட்டம் தவறு; பிள்ளை தவறு அல்ல.

இதில் எந்த விலையுயர்ந்த கருவியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவரிடம் கணக்கு இருந்தது, இன்னொருவரிடம் சத்தத்தைப் பற்றிய அறிவு இருந்தது, தாயிடம் மின்சாரம் நின்ற நாளின் ஞாபகம் இருந்தது. மூன்றும் ஒரே மேஜைக்கு வந்தபோதுதான் காரணம் புலப்பட்டது.

5. வேலூரில் கற்ற பாடம்

குடும்பத்தையும் மேஜைக்கு அழைப்பது நம் மிஷன் மருத்துவமனைகளுக்குப் புதிய காரியம் அல்ல. 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கிய ஊழியம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாய் வளர்ந்தது. 1950களில் அங்கே மனநலப் பிரிவை உருவாக்கியவர் கனடா நாட்டு மிஷனெரி மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ். மனநோயாளிகளைக் குடும்பத்தாரிடமிருந்து பிரித்துப் பூட்டி வைப்பதே பல இடங்களில் வழக்கமாயிருந்த காலம் அது. வேலூரை அடுத்த பாகாயத்தில் எழுந்த மனநல மையத்திலோ, குடும்பத்தாரும் நோயாளியோடு கூடவே தங்கினார்கள், சமைத்துக் கொடுத்தார்கள், சிகிச்சையிலும் பங்கெடுத்தார்கள்.

அந்த வழியில் வந்ததே அங்குள்ள "நம்பிக்கை நிலையம்" என்னும் குழந்தைகள் மனநலப் பிரிவு. அறிவுவளர்ச்சிக் குறைவோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைகளோடு பெற்றோரும் சில வாரங்கள் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். மனநல மருத்துவர், உளவியலாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் முதலானோர் ஒரே கூரையின்கீழ் வேலை செய்கிறார்கள். அறிவுவளர்ச்சிக் குறைவுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குக் குழுவாகக் கற்பிப்பதால் பலன் உண்டா என்று அங்குள்ள மருத்துவர்கள் முறையாய்ச் சோதித்து, 1999ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கலந்துரையாடும் குழுவில் சேர்ந்த பெற்றோரின் மனப்பான்மை மற்றவர்களைவிட நன்கு மேம்பட்டிருந்தது.

பெங்களூரில் 2000ஆம் ஆண்டு முதல் நடக்கும் காம் டீல் என்ற திட்டத்தையும் சொல்ல வேண்டும். பேச்சு மொழி நிபுணரான டாக்டர் பிரதிபா காரந்த் அதைத் தொடங்கினார். பேச்சு, கைகால் இயக்கம், சமூகப் பழக்கம் ஆகிய எல்லாவற்றையும் தனித்தனி அறைகளில் தனித்தனி நாட்களில் கற்பிக்காமல், பலதுறையினர் சேர்ந்த ஒரு குழுவே சிறு பிள்ளைகளுக்கு நாள்தோறும் கற்பிக்கிறது.

நிபுணர்கள் இல்லாத ஊர்களுக்கும் வழி இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016ஆம் ஆண்டில் லான்செட் மனநல இதழில் வெளிவந்தது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி பெற்று, நிபுணர்களின் மேற்பார்வையில் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையின் குறிப்பறிந்து நடந்துகொள்வது கூடியது. பிள்ளை தானாகத் தொடர்பு கொள்ள முயல்வதும் கூடியது. எல்லாக் குறைகளும் நீங்கிவிட்டதாக அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆயினும் நிபுணரும் கிராமப் பணியாளரும் கைகோத்தால் மலையடிவாரத்துக் கிராமத்துக்கும் உதவி போய்ச் சேரும் என்று நம்ப இடம் கொடுக்கிறது.

6. மறைக்கக் கூடாத ஒரு குறை

நடத்தைப் பயிற்சியைக் குறித்துச் சிலர் மனவருத்தத்தோடு பேசுவதை நாம் கேட்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஐவார் லோவாஸ் என்ற உளவியலாளர் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளியில் படிக்கும் நிலைக்கு வந்ததாக எழுதினார். உலகெங்கும் பெற்றோர் அந்த முறையை நாடினார்கள். ஆனால் அவருடைய ஆரம்பகால வேலையில் அடியும் மின்அதிர்ச்சியும்கூடத் தண்டனையாய்ப் பயன்படுத்தப்பட்டன. இன்று அத்துறையினரில் பெரும்பாலோர் அவற்றை வெறுத்து ஒதுக்குகிறார்கள். 2022ஆம் ஆண்டில் அவர்களுடைய சர்வதேசச் சங்கமே மின்அதிர்ச்சியை எதிர்த்துத் தீர்மானித்தது.

அப்பயிற்சியைச் சிறுவயதில் பெற்று, இப்போது பெரியவர்களாயிருக்கும் ஆட்டிசம் உள்ளவர்கள் சிலர் இன்னொரு காரியத்தையும் சொல்லுகிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, சும்மா உட்கார் என்று வற்புறுத்தப்பட்டதே தங்களுக்குப் பாரமாயிருந்தது என்கிறார்கள். யாருக்கும் தீங்கு செய்யாத கையாட்டத்தை ஏன் நிறுத்த வேண்டும்? பிள்ளையின் நிம்மதிக்காகவா, பார்ப்பவர்களின் கூச்சத்துக்காகவா? கூட்டு வேலையின் அவசியம் இங்கேயும் விளங்குகிறது. நடத்தையை எண்ணுகிறவருக்குப் பக்கத்தில், "இந்தச் சத்தம் இவனுக்கு வலிக்கிறது" என்று சொல்ல ஒருவரும், "இவன் இதைத்தான் கேட்கிறான்" என்று சொல்ல ஒருவரும் இருந்தால், கீழ்ப்படிதலே குறிக்கோளாகிவிடும் ஆபத்து குறையும். மற்றத் துறையினருக்கும் நன்மை உண்டு. "பலன் தெரிகிறது என்கிறீர்களே, எத்தனை நாளில் எத்தனை தடவை?" என்று நடத்தைப் பகுப்பாய்வாளர் கேட்கும்போது, வெறும் நம்பிக்கையால் வருடக்கணக்காய் ஓடும் பயிற்சிகள் சோதிக்கப்படுகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மேஜையில் பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டும். அவன் அட்டையை நீட்டுவதும், கையைத் தட்டிவிடுவதும், அறையைவிட்டு ஓடுவதும் அவனுடைய வாக்குமூலங்கள். கூரை வழியே இறக்கப்பட்டவனிடம் ஆண்டவர் நேரே பேசினார். சுமந்து வந்தவர்களிடம் அல்ல.

7. சட்டமும் தொழில் நெறியும்

கூட்டு வேலை ஒரு நல்ல எண்ணம் மட்டும் அல்ல. தொழில் நெறியும் அதைக் கேட்கிறது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றிதழ் வாரியத்தின் நெறிகள், 2022 முதல் நடைமுறையில் இருப்பவை, பிள்ளையின் நன்மைக்காக மற்றத் துறையினரோடு ஒத்துழைக்கும்படி சொல்லுகின்றன. ஒரு நடத்தைக்கு உடல்நலக் காரணம் இருக்கலாம் என்று தோன்றினால் அதை முதலில் கவனிக்கும்படியும் சொல்லுகின்றன.

அந்த வாரியம் 2023 முதல் இந்தியாவிலிருந்து புதிய விண்ணப்பங்களைப் பெறுவதில்லை. ஆகவே அச்சான்றிதழ் உள்ளவர்கள் நம் பகுதிகளில் அபூர்வம். பல இடங்களில் உளவியலாளரோ சிறப்பாசிரியரோ அந்த முறையைக் கற்றுப் பயன்படுத்துகிறார். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மருத்துவத்தைச் சார்ந்த பல தொழில்களை ஒழுங்குபடுத்துகிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்டோடு நடத்தைப் பகுப்பாய்வாளரும் அதன் அட்டவணையில் இடம் பெற்றிருக்கிறார். சிறப்பாசிரியர்களையும் பேச்சுப் பயிற்சியாளர்களையும் பதிவு செய்வது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றம். பெற்றோர் ஒரு மையத்தில் பணம் கட்டுமுன் "உங்கள் பதிவு எண் என்ன? என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று தயங்காமல் கேட்கலாம். "பூரணமாய்க் குணமாக்குவோம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் எச்சரிக்கை வேண்டும்.

அரசு உதவிகளையும் அறிந்துகொள்ளுங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தை உள்ளடக்கியது. அதன் நிராமயா காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு இடமுண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் அமைந்தன. மருத்துவரும் பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். நம் கோவைக்குப் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா சிறப்பாசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. நல்ல வேலை எங்கே நடந்தாலும் அதற்காகத் தேவனைத் துதித்து, அவர்களோடு கைகோக்க நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

8. சபை பிடிக்க வேண்டிய முனை

முதலாவது, காணிக்கை. பயிற்சி நேரத்துக்குக் கட்டணம் உண்டு. பரிசோதனைக்கு ரசீது உண்டு. ஆனால் ஐந்து பணியாளர்கள் ஒரு பிள்ளைக்காகக் கூடி உட்காரும் ஒரு மணி நேரத்துக்கு எந்த ரசீதும் இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் வேறு பிள்ளைகளைப் பார்த்தால் வருமானம் கிடைத்திருக்கும். ஆகவேதான் எங்கும் அந்த ஒரு மணி நேரம் முதலில் வெட்டப்படுகிறது. ஊஞ்சலில் உபயதாரரின் பெயரை எழுதலாம். கூடிப் பேசிய நேரத்தில் எழுத முடியாது. பெயர் எழுத முடியாத இந்தத் தேவைக்குக் கொடுக்கும்படி உங்களைத் தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். அன்னூரிலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ பஸ் ஏறி வரும் தாய், அந்தக் கூட்டத்துக்கு வருவதால் ஒரு நாள் கூலியை இழக்கிறாள். அவளுடைய பஸ் செலவும் அன்றையக் கூலியும்கூட அந்தக் காணிக்கையில் அடங்கலாம்.

இரண்டாவது, ஆராதனை. நம் ஆலயங்களின் ஒலிபெருக்கி சில பிள்ளைகளுக்குத் தறிச்சத்தத்தைப் போலவே வலிக்கும். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். வாசலருகே ஒரு பெஞ்சை அவர்களுக்கென்று ஒதுக்கலாம். பாட்டு நேரத்தில் பிள்ளை எழுந்து நடந்தால் தாயைத் திரும்பிப் பார்க்காதிருக்கலாம். ஞாயிறு பள்ளி ஆசிரியர், பிள்ளையின் சிறப்பாசிரியரிடம் பேசி, அதே படஅட்டைகளை வகுப்பிலும் பயன்படுத்தலாம். அப்பொழுது சபையும் அந்தக் குழுவில் ஓர் அங்கமாகிவிடும்.

மூன்றாவது, ஜெபம். நாம் ஜெபிக்கிறவர்கள், ஜெபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஜெபத்தின் பெயரால் பயிற்சியை நிறுத்தச் சொல்வதும், பிள்ளைக்குள் அசுத்த ஆவி இருக்கிறதென்று சொல்லிப் பயமுறுத்துவதும், உபவாசம் போதவில்லை என்று பெற்றோரைக் குற்றப்படுத்துவதும் படுக்கையின் ஒரு முனையைத் திடீரென்று விட்டுவிடுவதற்குச் சமம். விழுவது பிள்ளை. போதகர்களும் ஜெபக்குழுத் தலைவர்களும் இதைக் கருத்தாய் எண்ணும்படி வேண்டுகிறேன். பெற்றோர் சோர்ந்துபோகும் இரவுகளில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும், தம்பி தங்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வதும் ஜெபத்தோடு சேர்ந்த ஊழியமே.

சிந்தனைக்கும் குழுவாய்ப் பேசுவதற்கும்

1. மாற்கு 2:1–12ஐ வாசியுங்கள். கூரையைத் திறந்த செலவையும் சிரமத்தையும் யார் ஏற்றிருப்பார்கள்? நம் சபையில் எந்தக் கூரை திறக்கப்பட வேண்டும்?

2. உங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பல ஆலோசனைகளுக்கு நடுவே திண்டாடும் தாய் இருக்கிறாளா? அவளுக்கு ஆலோசனை சொல்லாமல் செய்யக்கூடிய ஓர் உதவி என்ன?

3. 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் பலவீனமாய்க் காணப்படும் அவயவங்களைப் பவுல் எவ்விதமாய் மதிக்கிறார்? ஆட்டிசம் உள்ளவர்கள் நம் சபைக்கு என்ன கொடுக்கிறார்கள்?

ஜெபக் குறிப்புகள்

பேச முடியாத பிள்ளைகளின் தேவையைக் கேட்கும் செவியைப் பணியாளர்களுக்குத் தரும்படியாக. ஒருவர் அறிவை ஒருவர் மதித்து, தங்கள் துறையின் பெருமையைப் பின்னுக்குத் தள்ளும் மனத்தாழ்மைக்காக. தனிமையில் பாரம் சுமக்கும் தாய்மாருக்காகவும் தகப்பன்மாருக்காகவும். பெற்றோர் காலமான பின்பு இந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற அச்சத்தோடு வாழும் முதியோருக்காக.

நீங்கள் காணிக்கையாய் அனுப்புவது சிறிய தொகையாயிருந்தாலும், அது ஒரு பிள்ளைக்காக நாலு பேரை ஒரே மேஜையில் உட்கார வைக்கும். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

அவருடைய பணியில்,
மருத்துவமனை ஆயர்